2010 ஸ்விஃப்ட் டீசல் (1.3 மல்டிஜெட்): காலை ஸ்டார்ட்டில் செயின் சத்தம், மேட்டில் கறுப்புப் புகை

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு 2010 ஸ்விஃப்ட் டீசல் வாங்கினேன். மீட்டரில் 1,62,000 கி.மீ. சர்வீஸ் புத்தகத்தில் 90,000 வரைக்கும்தான் முத்திரை இருக்கிறது. அதன்பிறகு வெளியில் பார்த்ததாகச் சொன்னார்கள், பில் எதுவும் இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடிக்கு, சைக்கிள் செயினைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். பிறகு அடங்கிவிடும். நாள் முழுக்க அப்புறம் வராது. இன்னொன்று, மூன்றாம் கியரில் மேடு ஏறும்போது 'உஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தமும் பின்னால் கறுப்புப் புகையும். இழுவையும் குறைவு.

ஒரு மெக்கானிக், செயின் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், டீசல் வண்டி என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், ஓட்டுங்கள் என்கிறார். அப்பாவை மாதம் இரண்டு தடவை கோவைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வழியில் நின்றுவிடக் கூடாது, அதுதான் கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீசல்:

தம்பி, முதலில் ஒன்று. இந்தச் சத்தத்தோடு கோவைக்குப் போக வேண்டாம். அப்பாவை அழைத்துப் போக இந்த மாதம் வேறு வண்டி பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2008 ஸ்விஃப்ட், அதே இஞ்சின். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குத் தேங்காய் வியாபார விஷயமாக வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறது. இன்றைக்கு 2,94,000 கி.மீ. இந்த இஞ்சின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி 2003-ல் வெளியே விட்ட இஞ்சின் இது. 1248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. நம் வண்டியில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 75 குதிரைத்திறன், 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை. அதனால்தான் 2000 சுற்றுக்குக் கீழே சோம்பலாகவும் அதைத் தாண்டினால் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலவும் இருக்கும். பழகாதவர்கள் அந்தச் சோம்பலையே கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா என்று எத்தனை வண்டிகளில் ஓடியது! 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோதுதான் இங்கே நின்றது. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை.

இனி உங்கள் சத்தம். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட இதில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கணக்கு எதுவும் இல்லாததால் செயினை யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும் வரை தளர்ந்த செயின், அதன் பாதையில் பிடித்து நிறுத்தும் கைடில் அடிக்கிறது. நீங்கள் கேட்கும் இரண்டு மூன்று விநாடி அதுதான். செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தேய்ந்திருக்கலாம், ஆயில் மேலே வரத் தாமதமாகலாம். பெரும்பாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: நேரத்துக்கு மாற்றாத ஆயில். இஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பில் மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் செயினையும் அந்த மூன்று லிட்டர்தான் காப்பாற்றுகிறது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1,80,000 வாக்கில் வியாபார நெருக்கடியில் ஒரே ஆயிலில் 15,000 கி.மீ. ஓட்டினேன். அதுவும் ஊர்க் கடையில் ஊற்றிய 15டபிள்யூ-40. குளிர் ஸ்டார்ட்டுக்கு அது கெட்டி. சத்தம் ஆரம்பித்து ஒரு மாதம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளினேன். பிறகு செக் லைட் எரிந்தது, ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறுக் குறியீடு. வால்வைத் திறக்கும் கேம் தண்டும் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சம்பை இறக்கிப் பார்த்தபோது ஆயில் உறிஞ்சும் வடிகட்டி வலையில் பாதிக்கு மேல் காப்பித்தூள் மண்டி போல அப்பியிருந்தது. விரலால் தொட்டால் நொறநொற என்றது. மீதி இருந்த ஓட்டை வழியாகத்தான் இவ்வளவு நாளும் இஞ்சின் மூச்சு விட்டிருக்கிறது என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது. நல்லவேளை, செயின் பல்சக்கரத்தில் பல் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ராக்கர் ஆர்ம் வரிசையாக உடைந்திருக்கும்.

ஆகவே உங்கள் வரிசை இதுதான். முதலில் சம்பை இறக்கி வலையைப் பாருங்கள். ஃப்ளஷ் என்று சொல்லி எதையாவது ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அப்பியிருக்கும் கசடு மொத்தமாகக் கிளம்பி வலையை அடைத்தால் இருக்கும் அழுத்தமும் போய்விடும். அப்புறம் ஸ்கேனர் போட்டு பி0016 பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புகை தனிக் கதை, பயப்பட வேண்டாம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது. காற்று வெளியே போகிறது, டீசல் மட்டும் உள்ளே போகிறது, அதுதான் கறுப்பு. கிளிப் இறுக்கும் இடத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். ஆயில் பிசுபிசுப்பும் தூசியும் சேர்ந்து ஒரு கோடாக இருந்தால் அங்கேதான் வெடிப்பு.

பட்டறைக்காரன்:

மேலே அண்ணன் சொன்னது சரி. வேலை செய்கிறவன் என்ற முறையில் சிலது சேர்க்கிறேன்.

செயின் மாற்றும்போது கேம், கிராங்க் இரண்டையும் பூட்டுகிற கருவி இல்லாமல் கை வைக்கக் கூடாது. பெயிண்டால் குறி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் ஒரே செட்டாகப் போட வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். மலிவு கிட் போட்டு ஒரு வருடத்தில் அதே சத்தத்தோடு திரும்பி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஹோஸ் மாற்றியும் புகை இருந்தால் புகையில் கொஞ்சத்தை மீண்டும் இஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடும். டவுனுக்குள் மட்டும் ஓடிய வண்டி என்றால் நிச்சயம் இருக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடியில் 'சுக் சுக்' என்று சத்தமும் சுற்றிலும் தார் போலக் கறுப்பும் இருந்தால் செம்பு வாஷர் விட்டிருக்கிறது. அதை நாள் கடத்தினால் இன்ஜெக்டர் இறுகிப்போய்க் கழற்றுவதே பெரும்பாடு.

வெளிநாட்டுத் தளங்களில் இதே இஞ்சினுக்கு டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைப்பு, ஆயிலில் டீசல் கலப்பது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். உங்கள் 75 குதிரைத்திறன் வண்டியில் டிபிஎஃப் கிடையாது, அதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

நொய்யல்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சம்பை இறக்கினோம். வலை மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தது. பி0016 வரவில்லை. வலையைச் சுத்தம் செய்து 5டபிள்யூ-30 ஆயிலும் புது ஃபில்டரும் போட்டோம். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. அதனால் பூட்டும் கருவி வைத்திருக்கும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து முழு செட்டும் மாற்றிவிட்டேன். பொருள், கூலி சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டியது.

பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தோம். பழையது அரை நெல் நீளம் இறங்கி நின்றது. கைடில் இரண்டு பள்ளம், நகம் உட்காரும் ஆழம். இதை வைத்துக்கொண்டுதான் ஒரு மாதம் ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

ஹோஸ் அண்ணன் சொன்ன இடத்திலேயே, கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. மாற்றியதும் புகை போய்விட்டது, இழுவை திரும்பிவிட்டது. நேற்று அப்பாவோடு கோவை போய் வந்தேன். இனி ஆயில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? கையேட்டில் 10,000 என்று இருக்கிறது.

பழைய டீசல்:

படித்ததும் நிம்மதி, தம்பி. அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வலையில் அவ்வளவு கசடு இருந்ததால் இப்போது போட்ட ஆயிலை 3,000 கி.மீ.யிலேயே இறக்கிவிடுங்கள். உள்ளே ஒட்டியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். அதன்பிறகு 7,500, இல்லையென்றால் வருடம் ஒரு முறை, எது முந்துகிறதோ அது. ஃபில்டரும் ஒவ்வொரு தடவையும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ தண்டு சூட்டில் காய்ந்துபோகாமல் இருக்கும். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை வடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், அடுத்து டர்போவைப் பார்க்கலாம்.