மறுமொழி: அமைவகமா, அமைவியா?

குழுமத்தவர்களுக்கு வணக்கம்.

கட்டளையால் திறக்கிற கணினி அமைப்புக் கருவிகளுக்கு, அதாவது ஒலி, திகதி, விசைப்பலகை போன்றவற்றை மாற்றுகிற சின்னச் சாளரங்களுக்கு, ஒரு சொல் வேண்டும் என்று முல்லைத்தீவிலிருந்து தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். அமைவகம், அமைவி என்றெல்லாம் வந்த பரிந்துரைகளை வாசித்தேன். சில நல்லவை. சில தாளில் மட்டும் நல்லவை.

முதலில் பொருளைப் பார்ப்போம். விண்டோஸ் விசையோடு ஆர் விசையைச் சேர்த்து அழுத்தினால், கட்டளை தட்டுகிற ரன் பெட்டி வரும். அதில் என்சிபிஏ.சிபிஎல் என்று தட்டினால் வலையமைப்பு இணைப்புகள் திறக்கும். மெயின்.சிபிஎல் என்றால் சுட்டி, டைம்டேட்.சிபிஎல் என்றால் திகதியும் நேரமும். இந்தக் கோப்புகள் சிஸ்டம்32 கோப்புறைக்குள் கிடக்கின்றன. பெயர்தான் சிபிஎல், ஆள் டிஎல்எல்தான், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் கோப்பு. 2015இல் விண்டோஸ் 10 வந்த பிறகு இன்னொரு வழியும் உண்டு: கட்டளைச் சாளரத்தில் ஸ்டார்ட் எம்எஸ்-செட்டிங்ஸ்:நெட்வொர்க் என்று எழுதினால், புதிய செட்டிங்ஸில் அந்தப் பக்கமே நேரே வந்து நிற்கும். லினக்ஸில் க்னோம், கேடிஇ போன்ற திரைச்சூழல்கள் உண்டு; க்னோம்காரருக்குக் கட்டளை க்னோம்-கன்ட்ரோல்-சென்டர், கேடிஇகாரருக்கு கேசிஎம்ஷெல்.

இனிச் சங்கதிக்கு வருவோம். இந்தச் சின்னக் கருவியை விண்டோஸ்காரர் ஆப்லெட் என்கிறார்கள், க்னோம்காரர் பேனல், கேடிஇகாரர் மொட்யூல், மேக்காரர் பேன். மேக்கில் 2022இல் வென்டுரா வந்தபோது சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்ற தலைப்பே சிஸ்டம் செட்டிங்ஸ் ஆகிவிட்டது. ஆங்கிலமே ஒரு பெயரில் நிற்காத இடத்தில், ஒவ்வொன்றுக்கும் குறுஞ்செயலி, பலகம், கூறு என்று தனித்தனியாக மொழிபெயர்த்து நாம் ஏன் மாய வேண்டும்? வேலை ஒன்று, சொல்லும் ஒன்று போதும். குறுஞ்செயலியை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். செயலி என்றால் சிலருக்கு இன்னும் புரோசசர், பிள்ளைகளுக்கு ஃபோனில் இருக்கிற ஆப். அந்தச் சண்டைக்குள் இதையும் இழுத்துவிட வேண்டாம்.

இந்தச் சொல் வன்னியில் அகராதிக்குள் படுத்திருக்கப் போவதில்லை. தொலைபேசியில் சொல்லப்படப் போகிறது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பிள்ளையின் மடிக்கணினியில் தொடுபலகை செத்துவிட்டது, சுட்டியும் கையில் இல்லை. அவளுக்கு என்சிபிஏ.சிபிஎல் சொல்லிக்கொடுக்கிறேன். "எந்த பி சேர்?" என்று கேட்கிறாள். "பரந்தனுக்குப் போடுகிற பி" என்றால்தான் விளங்குகிறது. திறந்த பிறகு, "இப்ப எதுக்குள்ள சேர் நிக்கிறன்?" என்று அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும். "கணினி முறைமையின் அமைப்புக் கருவிக்குள் நிற்கிறாய்" என்று சொல்லி முடிக்க முன்னம் லைன் அறுந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு பரிந்துரையையும் வாயால் சொல்லிப் பார்த்தேன்.

'துருசு' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இரணைமடுக் குளத்தில் துருசைத் திறக்கிற அளவுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர், கணினியிலும் அதே கதைதானே என்கிறார். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு மதகு என்பார்கள். அங்கே சித்த மருந்துக்காரரிடம் துருசு கேட்டால் நீல நிறத்தில் செப்புச் சல்பேற்றைத்தான் எடுத்து வைப்பார். ஊர்ச்சொல் என்பதற்காக மட்டும் ஏற்க முடியாது.

'அமைவுப்பலகை' பரவாயில்லை, விசைப்பலகை வரும் வரைக்கும். விசைப்பலகை அமைவுப்பலகை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கத்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் உள்ளே போவது. பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகிய கை, அடுத்ததாக ரெங்கநாதன் விசைப்பலகையைத் தேடும். கூடுதலாகப் புழங்குகிற இடத்திலேயே இடறுகிற சொல் நமக்கு உதவாது.

'அமைவகம்' தான் கூடுதலான வாக்கு வாங்கியிருக்கிறது. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று படிவமும் கையுமாக அலைந்த சனத்துக்கு 'அகம்' என்று முடிந்தாலே அலுவலக வாசனை அடிக்கும். "அமைவகத்துக்குப் போ" என்றால், அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கக்கூடிய ஆட்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

என் வாக்கு 'அமைவி'க்கு. ஒலி அமைவி, வலை அமைவி, திகதி அமைவி, விசைப்பலகை அமைவி. முன்னால் எதை ஒட்டினாலும் இடிக்கவில்லை. நிறுவி, உலாவி, திசைவி என்று ஏற்கெனவே பழகிய வரிசையில் போய் உட்காரும். அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை, ஆகவே 'அமைப்பி' என்பதே முறை என்று ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான மறுப்பு. ஆனால் தொலைபேசியில் அமைப்பி என்றால் அமைப்பு என்றுதான் காதில் விழும். அமைப்பு என்ற சொல்லோ செட்டிங், சிஸ்டம், சங்கம் என்று ஏற்கெனவே பல சுமை சுமக்கிறது. மற்றது, இந்த 'இ' வினையில்தான் ஒட்ட வேண்டும் என்று இல்லையே. நாற்காலி காலை உண்டாக்குவதில்லை, நாலு காலை உடையது, அவ்வளவுதான். அமைவுகளை உடையது அமைவி என்று கொண்டால் ஐயாவுக்கும் ஓரளவு சரிவரும் என்று நினைக்கிறேன்.

வினைக்கு 'ஏவு' வேண்டாம். பழைய ஆட்களுக்கு ஏவல் என்றால் செய்வினை சூனியம். வன்னியில் ஏவுவது என்றால் வேறு என்ன நினைவுக்கு வரும் என்று இங்கே எழுதத் தேவையில்லை. 'திற' என்ற சொல் இருக்கிறதே. "ஒலி அமைவியைக் கட்டளையால் திற." சரி, முடிந்தது. தட்டுகிற கட்டளையை மட்டும் தமிழாக்கப் போக வேண்டாம். அதில் ஓர் எழுத்து மாறினாலும் கணினி கேட்காது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சாதனங்களைப் பார்க்கிற டெவ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி, பின்னணிச் சேவைகளைப் பார்க்கிற சேர்விசஸ்.எம்எஸ்சி போன்றவையும் ரன் பெட்டியிலிருந்துதான் திறக்கின்றன. ஆனால் அவை எம்எம்சி என்ற வேறொரு நிரலுக்குள் போய் உட்காருபவை. அவற்றையும் அமைவி என்பதா, 'முகாமைக் கருவி' என்று பிரித்து வைப்பதா? நான் பிரிக்கிற பக்கம். முகாமை என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் மேலாண்மை என்று எழுதிக்கொள்ளட்டும். எங்கள் பயிற்சிக் கையேடு வாற கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு உள்ளவர்கள் அதற்கு முதல் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து