105 மைலில்தான் இறங்கத் தொடங்குகிறேன், ஆனாலும் ரன்வே பக்கம் வரும்போது உயரம் மிஞ்சுகிறது. உதவி தேவை

வான்குருவி:
வணக்கம். அடுத்த மாதம் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த விமானத்தை ஓட்டத் தகுதி தரும் பயிற்சிக்குப் போகிறேன். அதற்குள் இறக்கத்தை மனக்கணக்கில் பழகிவிட வேண்டும் என்று வீட்டு சிமுலேட்டரில் டெல்லி–சென்னை ஓட்டுகிறேன். கணினி காட்டும் இறங்குபுள்ளியைப் பார்ப்பதில்லை. 35,000 அடி, ஆயிரத்துக்கு மூன்று நாட்டிகல் மைல், ஆக 105 மைலில் மூக்கைக் கீழே இறக்கி, நிமிடத்துக்கு 1,800 அடி வைத்து அப்படியே விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் 15 மைல் இருக்கும்போது இன்னும் 10,000 அடியில்தான் இருக்கிறேன். ஸ்பீட் பிரேக்கை (இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடுகள்) முழுக்க இழுத்தும் சரிக்கட்ட முடியவில்லை, நேற்று மூன்று தடவையும் தரையிறங்காமல் மேலேறிவிடும் கோ-அரவுண்ட். எங்கே தப்பு?

தரைக்காற்று:
தம்பி, இறங்க ஆரம்பிக்கும்போது கிரவுண்ட் ஸ்பீட், அதாவது தரையை வைத்துப் பார்க்கும் வேகம், என்ன? மேப் திரையில் இடது மேல் மூலையில் இருக்கும், காற்றும் அதன் கீழேயே இருக்கும்.

வான்குருவி:
480 நாட் சார், மணிக்கு 480 நாட்டிகல் மைல். பின்னாலிருந்து தள்ளும் டெயில் விண்ட் 40.

தரைக்காற்று:
அங்கேதான் சிக்கல். நீங்கள் தொடங்கும் இடம் அவ்வளவு மோசமில்லை, இறங்கும் வேகம்தான் போதவில்லை. கிரவுண்ட் ஸ்பீடை ஐந்தால் பெருக்குங்கள், 480க்கு 2,400 வரும். நீங்கள் 1,800 வைத்தால் முதல் நிமிடத்திலேயே 600 அடி கடன். கீழே வரவர வேகம் குறையும், 360 நாட்டுக்கு வரும்போதுதான் உங்கள் 1,800 சரியாகிறது, அதற்குள் கடன் ஏறிவிட்டது. ஒரே எண்ணை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிரவுண்ட் ஸ்பீடைப் பார்த்து மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

அப்புறம் இலக்கு. ரன்வேக்கு 10 மைலில் 3,000 அடி, அதுதான் நான் பிடிக்கும் இடம். இழக்க வேண்டியது 32,000, அதற்கு 96 மைல், அந்தப் பத்தையும் கூட்டினால் 106. வேகம் குறைக்க 10 நாட்டுக்கு ஒரு மைல், வேகமானியில் 280இலிருந்து 210க்கு வர ஏழு. டெயில் விண்டுக்கும் 10 நாட்டுக்கு ஒன்று, நான்கு. மொத்தம் 117. ஜெட்டில் இறங்கிக்கொண்டே வேகத்தையும் குறைப்பது கஷ்டம், அந்த ஏழு மைலை யாரும் சும்மா தர மாட்டார்கள், நாம்தான் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

செஸ்னாமாணவி:
சார் சொன்னதோடு ஒன்று. ஐந்தால் பெருக்கினால் மைலுக்கு 300 அடிதான் வருகிறது, ஆயிரத்துக்கு மூன்று மைல் என்றால் 333. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் 96 மைலில் 3,000 அடிக்கு மேல் மிஞ்சும். ஐந்தால் பெருக்கி 200 கூட்டிக்கொண்டால் 360 நாட்டுக்குச் சரியாக 2,000 வருகிறது, மற்ற வேகங்களுக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நான் ஓட்டும் சின்ன விமானமான செஸ்னா 172இல் இதெல்லாம் வேண்டியதில்லை, நிமிடத்துக்கு 500 அடி, 5,000 அடிக்குப் பத்து நிமிடம், 120 நாட்டில் 20 மைல், அவ்வளவுதான்.

தரைக்காற்று:
நல்ல கவனிப்பு அம்மா, வழக்கமாக இறங்கும் மூன்று பாகைச் சரிவு என்பது மைலுக்கு 318 அடி, இரண்டுக்கும் நடுவில். 200 கூட்டுவது நல்ல பழக்கம். தம்பி, வழியில் சரிபார்க்கவும் வேண்டும். ரன்வேக்கு உள்ள மைலில் பத்தைக் கழித்து, மூன்றால் வகுத்து, மூன்றைக் கூட்டினால் எத்தனை ஆயிரம் அடியில் இருக்க வேண்டும் என்று வரும். 70 மைலில் 23,000, 40 மைலில் 13,000. அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நிம்மதி, வேகம் குறைக்க இடம் இருக்கும். மேலே இருந்தால் அங்கேயே ஸ்பீட் பிரேக்கைத் திறங்கள், 15 மைல் வரை காத்திருக்க வேண்டாம்.

வான்குருவி:
இன்று காலை முயன்றேன். 70, 40 இரண்டுக்கும் உரிய உயரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டேன். 117இல் இறக்கம், முதலில் 2,600. 70இல் 22,400, 40இல் 12,600. பத்தாவது மைலில் 3,000 அடி, 210 நாட், ஸ்பீட் பிரேக்கைத் தொடவே இல்லை! ரொம்ப நன்றி சார், நன்றி தோழி. பெங்களூரு தரையே கிட்டத்தட்ட 3,000 அடியில் இருக்கிறதே, அங்கே?

தரைக்காற்று:
இலக்கு 6,000 ஆகிவிடும். 35இல் 6 போக 29, மூன்றால் பெருக்கினால் 87. மற்றதெல்லாம் அப்படியே, சரிபார்க்கும்போது மட்டும் கடைசியில் மூன்றுக்குப் பதில் ஆறு.