உப்புத் தண்ணியில் ஊறவெச்சும் சுங்குடி சாயம் விட்டுடுச்சு

போன மாசம் மதுரையில அரக்குச் சிவப்புல ஒரு சுங்குடி எடுத்தேன். அம்மா சொன்னபடி வாளித் தண்ணியில ரெண்டு கை கல் உப்பைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவெச்சேன். காலையில பார்த்தா பீட்ரூட் வேகவெச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. புடவையில வெள்ளையா இருந்த முடிச்சுப் புள்ளியெல்லாம் இளஞ்சிவப்பு. சரி, போகவேண்டிய சாயம் போயிடுச்சுன்னு நினைச்சு, அடுத்த தடவை மத்த துணியோட மெஷினில் போட்டுட்டேன். வீட்டுக்காரரோட ஜரிகை வேட்டி திட்டுத் திட்டா ரோஸ் கலர்ல வந்துச்சு. மறுநாள் கொழுந்தனார் வீட்டு வளைகாப்பு, மனுஷன் பேன்ட் போட்டுக்கிட்டு வந்தார். கடைக்காரருக்கு போன் பண்ணினா, "சாயம் போனாத்தாம்மா அசல் சுங்குடி"ங்கிறார். வேற யாருக்காவது இப்படி ஆச்சா?

*

அக்கா, நான் திருப்பூர்ல சாயப்பட்டறையில பதினோரு வருஷம் இருந்தவன். உப்பு விஷயத்துல பாதி ஊரே ஏமாந்துக்கிட்டிருக்கு. இப்போ காட்டனுக்கு அதிகமா போடுறது ரியாக்டிவ் சாயம். அடர் நிறம்னா லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயே உப்பு போடுவோம். ஆனா அது சாயத்தைத் தண்ணியிலேருந்து துணிப் பக்கம் தள்ளுறதுக்கு மட்டும்தான். நூலோட சாயத்தைப் பிடிக்கவைக்கிறது சோடா ஆஷ்ங்கிற சலவைச் சோடா. பிடிக்காத மிச்சச் சாயம் துணிமேல சும்மா உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற சோப்புத் தண்ணியில அலசி அலசி அதை எடுக்கணும். தண்ணிச் செலவு, விறகுச் செலவுன்னு எவனாவது அதுல ரெண்டு அலசலைக் குறைச்சான்னா, அந்த வேலை உங்க வீட்டு வாளிக்கு வந்துடும். இதுல ரெண்டு கை உப்பு ஒண்ணும் பண்ணாது. (பட்டறையில போட்ட அந்த உப்புதான் நொய்யல் ஆத்தைக் கெடுத்துச்சு. 2011-ல ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னப்போ நானும் ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

நீங்க பண்ணின தப்பு, ஊறவெச்சது. இறங்கின சாயம் அதே தண்ணியிலேயே கிடந்தா, வெள்ளைப் புள்ளியில போய் ஏறிக்கும். புதுத் துணியைப் பச்சைத் தண்ணியில, பெரிய வாளியில, தனியா முக்கி முக்கி எடுங்க. தண்ணி தெளியுற வரைக்கும் மாத்துங்க, அஞ்சு தடவை ஆனாலும் சரி. பிழிஞ்சு சுருட்டி ஓரமா வெச்சிட்டு போன் பேசப் போயிடாதீங்க. உடனே உதறி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி நிழல்ல போடணும். மெஷினில் போடுறதுக்கு முன்னாடி வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு முந்தானை ஓரத்துல பத்துத் தடவை தேய்ச்சுப் பாருங்க. கலர் ஒட்டினா அது இன்னும் தனிக் குடித்தனம்தான்.

வேட்டியை இஸ்திரி மட்டும் போட்டுடாதீங்க. ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடரை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு நாலு மணி நேரம் போடுங்க. ஜரிகை நனையக்கூடாது.

*

வினிகர் ஊத்தினா சாயம் நிக்கும்னு எங்க மாடி வீட்டு அக்கா சொல்லி, காட்டன் சுடிதாருக்கு அரை பாட்டில் காலி பண்ணினேன். ரெண்டு நாள் ஊறுகாய் வாசனை வந்ததுதான் மிச்சம். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுற அமிலச் சாயத்துக்குத்தான் அது கொஞ்சம் உதவுமாம்.

*

கடைக்காரர் சொன்னதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. 1960-கள்ல அமெரிக்காவுல நம்ம மெட்ராஸ் செக் சட்டையை "சாயம் போகும், அதுக்கு உத்தரவாதம்"னு விளம்பரம் பண்ணியே வித்திருக்காங்க. துவைக்கத் துவைக்கக் கட்டம் ஒண்ணோட ஒண்ணு கலந்து புதுசு புதுசாத் தெரியும்னு அதுக்கு ஒரு மவுசு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

*

சொன்னேன், முறைச்சார். தம்பி சொன்னபடி ஜரிகைக் கரையைச் சுருட்டி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, வாளிக்கு வெளியே தொங்கவிட்டு ஊறவெச்சேன். முதல் தடவை பாதி போச்சு, மூணாவது தடவையில கிட்டத்தட்ட வெள்ளை. கவர் கட்டின ஓரத்துல மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு ரோஸ் கோடு நிக்குது. அதை உள்மடிப்புல வெச்சுக் கட்டிக்கிறார். புடவை ஆறாவது அலசல்ல இருக்கு. இன்னைக்குத் தண்ணி ரோஸ்மில்க் அளவுக்கு வந்திருக்கு.