சந்தேகம் வந்த அன்றே சொல்லணும்: காப்பகங்களில் நாங்கள் பார்த்தவை

சிறப்பாசிரியை, திருச்சி பக்கம்:

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் முன்பு இருந்தேன். ஊர் பேரும் பள்ளிப் பேரும் சொல்லப் போவதில்லை. பிள்ளையின் அடையாளம் எந்த வழியிலும் வெளியே தெரியக்கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச வராது. படத்தைக் காட்டினால் தொட்டுக் காட்டுவாள். ஒரு நாள் காலையில் ஆயாம்மா என்னைக் கூப்பிட்டு அவளுடைய சுடிதார் பேன்ட் நாடாவைக் காட்டினார். முடிச்சு மேல் முடிச்சு, அவிழ்க்கவே முடியாதபடி. அவளுக்கு ஒரு முடிச்சு போடக் கற்றுக்கொடுக்க நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன், வந்ததே இல்லை. இப்போது யாரும் சொல்லித் தராமல் தானாகப் போட்டிருக்கிறாள். "டீச்சர், வண்டி ஓட்டுறவரு ராத்திரி இந்தப் பக்கம் வந்தாலே இது கட்டிலுக்கு அடியில போயிடுது" என்றார் ஆயாம்மா. அவர் பார்த்தது அவ்வளவுதான். நான் பார்த்ததும் அவ்வளவுதான்.

தாளாளரிடம் போனேன். "நாமளே கூப்பிட்டு விசாரிச்சுக்கலாம்மா. வெளியே போனா கிராண்ட் நின்னுடும், மத்த பிள்ளைங்க எங்க போகும்?" என்று கேட்டார். அவர் கேட்டது பொய்க் கவலை இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வேறு இடம் கிடையாது. ஆனால் சட்டம் அந்தக் கணக்கைப் போடும் அதிகாரத்தை அவருக்கும் தரவில்லை, எனக்கும் தரவில்லை. 19-ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்று அச்சம் இருந்தாலும் சரி, எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் 1 வருடம் வரை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியே வந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன்.

ஆதாரம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பிள்ளை இப்போது எங்கே, அந்த ஆள் இன்று ராத்திரி அவள் பக்கத்தில் வர முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். அடுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தார்கள். மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. அம்மா சேலையில் வந்தார். யூனிஃபார்மில் வரக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

நம் தொழிலில் இருப்பவர்களே பலருக்குத் தெரியாத ஒன்று 26-ஆம் பிரிவில் உண்டு. ஊனம் உள்ள பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்கும்போது சிறப்பாசிரியர் அல்லது அந்தப் பிள்ளையின் பேச்சுமுறை தெரிந்த ஒருவரின் உதவியைக் கேட்கலாம். நான் அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் வேறு பள்ளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கையில் அவளுடைய படப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தப் படத்தை எதற்குத் தொடுவாள் என்று சொல்லிக் கொடுத்தேன். வார்த்தை இல்லாத பிள்ளை எப்படிச் சாட்சி சொல்லும் என்று கேட்டு வழக்கையே மூடிவிடுகிற இடம் இது. அங்கே அந்தப் புத்தகம் வேலை செய்தது. வழக்கு நடக்கிறது, இதற்கு மேல் எழுதக் கூடாது.

இதை எழுத வந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். அதே விடுதியில் இன்னொரு பெண் இருந்தாள். இருபது வயதைத் தாண்டியவள், புத்தி ஐந்து வயதுக் குழந்தை அளவு. அவளிடமும் அதே பயம். ஆனால் போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிக் கணக்குதான், மனவயது அதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் ஈரா என்பவரின் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 38 வயது. ஆக, 18 முடிந்த அன்றோடு கட்டாயப் புகார் என்கிற கவசம் கழன்றுவிடுகிறது. அவளுக்காக நான் பிடித்தது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 7-ஆம் பிரிவை. அதன்படி நிர்வாக நடுவருக்கு எவரும் தகவல் தரலாம், தந்தால் அவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் தகவல் தராதவரை அந்தப் பிரிவு ஒன்றும் செய்யாது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் மனு கொடுத்து, வாசலில் உட்கார்ந்து, அவளை வேறு இல்லத்துக்கு மாற்ற வைத்தேன். சின்னவளுக்காக ஒரு போன் போதுமாக இருந்தது. பெரியவளுக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது பெரியவர்கள் விஷயத்தில் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், அரசு தாலுகா மருத்துவமனை:

டீச்சர் எழுதினதைப் படிச்சதும் எங்க கேஷுவாலிட்டிதான் கண் முன்னால வந்துச்சு. இல்லத்திலேருந்து கூட்டிட்டு வர்றவங்க எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்வாங்க: பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரியில அவங்க சொன்னதை அப்படியே எழுதி, தையல் போட்டு அனுப்புறதும் உண்டு. வழுக்கி விழுந்தவங்களுக்கு முழங்கை, இடுப்பு, மண்டை இங்கெல்லாம் அடிபடும். தொடையோட உள்பக்கத்துல அடிபடாது. நான் டியூட்டியில இருந்தா கூட வந்தவங்களை வெளியே நிக்க வெச்சுட்டுத்தான் பார்ப்பேன். டாக்டர்கிட்ட "சார், போலீஸ் இன்டிமேஷன் போட்டுடலாம்"னு நானே சொல்லுவேன்.

டாக்டருங்களுக்கு மகாராஷ்டிர வழக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். சந்திரபூர் மாவட்டத்துல ஒரு பள்ளி ஹாஸ்டல், பழங்குடிப் பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் போலீசுக்குச் சொல்லலைன்னு அவர் மேலயும் வழக்கு போட்டாங்க. ஹைகோர்ட் அவர் மேல இருந்த வழக்கை ரத்து பண்ணிடுச்சு. 2022 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணி, தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது கடுமையான குற்றம்னு சொல்லிடுச்சு. பெரியவங்க விஷயத்துல எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி, பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியும் இலவசமா உடனே சிகிச்சை கொடுத்து, போலீசுக்கும் தகவல் சொல்லணும்ங்கிற விதி. 2013-ல வந்தது, புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் இருக்கு. அடி, சூடு, பட்டினிக்கு எல்லாம் அது வராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். பதினாறு, பதினேழு வயசுப் பொண்ணு தானா விரும்பிப் பழகி கர்ப்பமாகி வருவா. போலீசுக்குச் சொல்லுவோம்னு தெரிஞ்சா எங்ககிட்டயே வர மாட்டா, ஏதோ கடையில மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு ரத்தப்போக்கோட கடைசி நேரத்துல கொண்டு வருவாங்க. இதுக்காகத்தான் 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்பு கேட்டு வர்ற அந்தப் பொண்ணும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா, புகார்ல அவ பேர், அடையாளத்தை டாக்டர் சொல்ல வேண்டியதில்லைன்னு சொல்லிச்சு. இது இன்னும் பல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலை. கட்டாயப் புகாரை நான் முழுசா ஆதரிக்கிறேன். ஆனா இல்லத்துல மாட்டிக்கிட்டு வாய் திறக்க முடியாத பிள்ளையையும் இந்தப் பொண்ணையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

ஸ்காபரோ (கனடா), பி.எஸ்.டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்):

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொண்டில வேலை. எங்கட ஆக்கள் கனபேர் இந்த வேலையில இருக்கினம். பெரியவர்களைப் பற்றி ரீச்சர் கேட்டதால எழுதிறன்.

எங்கட இல்லத்தில ஒரு அம்மா, மறதி நோய். படிச்ச இங்கிலீசு முழுக்கப் போயிட்டுது, தமிழ் மட்டும்தான் மிச்சம். காலமை உடுப்பு மாத்தேக்க மேல்கையில கண்டின அடையாளம் கண்டன். ஒரு பக்கம் வரிசையா நாலு, மற்றப் பக்கம் பெருவிரல் அளவில ஒண்டு. ஆரோ இறுக்கிப் பிடிச்ச கை. "ஆரம்மா பிடிச்சது?" எண்டு கேக்க, "சத்தம் போடாதை பிள்ளை, அவள் வந்திடுவாள்" எண்டா.

பொறுப்பு நர்ஸ் "நான் பார்க்கிறன், நீ போ" எண்டு சொன்னா. அதோட என்ர கடமை முடியேல்லை. ஒன்ராறியோவில 2021-ஆம் ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம், 28-ஆம் பிரிவு: நியாயமான சந்தேகம் வந்த ஆராயிருந்தாலும் உடனடியா அமைச்சின்ர இயக்குநருக்கு அறிவிக்கோணும். அடி மட்டுமில்லை, பிழையான பராமரிப்பு, கவனிக்காமல் விடுறது, அவையின்ர காசில கை வைக்கிறது எல்லாம் அதுக்குள்ள வருது. அங்க வசிக்கிற முதியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மற்ற எங்களுக்குத்தான். அறிவிச்சவரைப் பழிவாங்கக் கூடாது எண்டு 30-ஆம் பிரிவு இருக்கு. நான் அறிவிச்சன். இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தவர். இராத்திரி வேலை செய்த ஒருத்தியை நிப்பாட்டினவை. கொஞ்ச நாள் என்னோட வேலை செய்யிற சிலபேர் கதைக்கேல்லை. அதுக்குச் சட்டத்தில மருந்தில்லை.

சட்டம் இருந்தால் எல்லாம் சரி எண்டும் நினையாதேங்கோ. இதே மாகாணத்தில ஒரு நர்ஸ் 8 முதியவர்களை இன்சுலின் ஏத்திக் கொலை செய்தவ. 2016-இல அவவே வாய் திறந்து சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. 2019-இல விசாரணை ஆணைக்குழு அறிக்கையும் அதைத்தான் சொல்லுது.

கோவை, மகன்:

ஸ்காபரோ அக்கா எழுதினதைப் பார்த்துப் பெருமூச்சுதான் வருதுங்க. எங்கப்பாவை மாசக் கட்டணம் கட்டி ஒரு தனியார் முதியோர் இல்லத்துல விட்டிருந்தோம். இடுப்புல புண்ணு, கேட்டா "ஐயா திரும்பிப் படுக்க மாட்டேங்கிறாருங்க"ன்னாங்க. பக்கத்துக் கட்டில் பெரியவர்தான் ராத்திரி பெட்டோட சேர்த்துத் துண்டுல கட்டி வெக்கிறாங்கன்னு சொன்னார். ஓனரைக் கேட்டா "புடிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டார். கூட்டிட்டு வந்துட்டோம். அந்தப் பக்கத்துக் கட்டில் பெரியவரைக் கூட்டிட்டு வர யாரும் இல்லைங்க. அவருக்காக முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் பண்ணி எழுதி வெக்கச் சொன்னேன், சமூக நலத்துறைக்கும் மனு போட்டேன். 2007-ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தை முழுசாப் படிச்சேனுங்க. பிள்ளைங்க சோறு போடலைன்னா என்ன பண்ணணும், நடுத்தெருவுல விட்டா என்ன தண்டனைன்னு இருக்கு. இல்லத்துல நடக்கிற கொடுமையைப் பார்த்த சமையக்காரம்மா யார்கிட்ட சொல்லியே ஆகணும்னு ஒரு வரி இல்லை.

2023 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்துல நடந்த கொடுமை எப்படி வெளிய வந்துச்சு? அங்க சேர்த்த பெரியவரைக் காணோம்னு ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டதாலதான். பீகார் முசாபர்பூர் காப்பகத்துல நடந்தது வெளிய வந்ததும் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோட சமூகத் தணிக்கை அறிக்கையாலதான். உள்ள வேலை பார்த்தவங்க, வந்து போனவங்க, எத்தனை பேர் பார்த்திருப்பாங்க!

பெயர் வேண்டாம்:

நான் இல்லத்தில் வளர்ந்தவன். விவரம் எழுத மனசு வரவில்லை. எங்களுக்குச் சோறு பரிமாறின அக்காவுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், புருஷன் இல்லாமல் ரெண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தார். சொல்லுங்கள் என்று சட்டம் போடுகிறவர்கள், சொன்ன பிறகு அந்த அக்காவின் வேலைக்கு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

புது உறுப்பினர்:

வணக்கம். நான் ஒரு இல்லத்தில் வாரக் கடைசியில் டியூஷன் எடுக்கிறேன். பத்து வயதுப் பையன். சில வாரமாக உட்கார மாட்டேன் என்கிறான், நின்றுகொண்டேதான் எழுதுகிறான். கேட்டால் அழுகிறான். வார்டன் மேல் சந்தேகம். தவறாக இருந்தால் ஒரு நல்ல மனிதரின் வாழ்க்கை போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் கவனித்துவிட்டுச் சொல்லலாமா?

சிறப்பாசிரியை, திருச்சி பக்கம்:

தம்பி, இரண்டு வாரம் வேண்டாம், இன்றே சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் வராது என்று போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு சொல்கிறது. தண்டனை வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான். வார்டன் குற்றவாளியா என்று கண்டுபிடிக்கிற வேலையை உங்களிடம் யாரும் கொடுக்கவில்லை. பாலியல் தொல்லை இல்லை, அடிதான் என்றாலும், காப்பகத்தில் வேலை செய்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் 5 வருடம் வரை கடுங்காவல் உண்டு. அதனால் எந்த வகைக் கொடுமை என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பையனை மறுபடி மறுபடி கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் நீதிமன்றத்தில் அவன் சொல்லே கலங்கிப்போகும். அவனாகச் சொன்னது இருந்தால் அவன் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வார்டனிடமோ நிர்வாகியிடமோ முன்கூட்டி வாயைத் திறக்காதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பையனை வேறு ஊருக்கு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. 1098-இல் பேசும்போது உங்கள் பேர் வெளியே வரக்கூடாது என்று கேளுங்கள். அவனை இன்று ராத்திரியே யாராவது பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். போன் எடுத்தவர் பேரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளை மதியம் வரை யாரும் போகவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு நேரில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மாவட்டம் எது என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள், அங்கே எனக்குத் தெரிந்த சிறப்பாசிரியர் யாராவது இருந்தால் உங்களோடு கூட வரச் சொல்கிறேன்.