இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பொருளாதாரப் பாடம் எடுப்பது எப்படி?

கோத்தகிரி வாத்தியார்:
இரண்டாம் ஆண்டு எலக்ட்ரிகல், மெக்கானிக்கல் வகுப்புகள். தேவை, அளிப்பு வரைபடம் போட்டாலே "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

மஞ்சூர்க்காரன்:
நம்ம நீலகிரியில், குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் இருக்கிறதே, அதிலிருந்து தொடங்குங்கள் சார். தண்ணீரை மேலே ஏற்றச் செலவாகும் மின்சாரம், அது இறங்கும்போது கிடைப்பதைவிட அதிகம். நட்டம்தானே என்பார்கள், சொல்லட்டும். அப்புறம் கேளுங்கள்: பகலில் சூரிய மின்சாரம் மலிவாக இருக்கும்போது ஏற்றி, ஊரே விளக்குப் போடும் மாலையில் இறக்கினால்? யூனிட்டின் மதிப்பு நேரத்துக்கு நேரம் மாறும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், வாய்ப்புச் செலவும், அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பும், இதிலேயே வந்துவிடும்.

குன்னூர் தேயிலை:
தேயிலையை விட்டுவிட்டீர்களே! பச்சை இலையைப் பறித்தால் உடனே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும், விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடியாது, செடியைப் பிடுங்கி வேறு பயிருக்கு மாறவும் சட்டென்று முடியாது. விலை மாறினால் அளிப்பு எவ்வளவு மாறும் என்பதுதானே அளிப்பு நெகிழ்ச்சி, அது குறைவாக இருப்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? பாடப்புத்தகத்துப் பேனா, பென்சில் எல்லாம் சும்மா.

கோத்தகிரி வாத்தியார்:
சரி, மெக்கானிக்கலுக்கு?

மஞ்சூர்க்காரன்:
மலை ரயில். 1908இல் ஊட்டி வரை வந்த பாதைக்குப் போட்ட பணம் போனது போனதுதான், இன்று ஓட்டுவதா நிறுத்துவதா என்ற கணக்கில் அதைச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.