தம்பியின் வாயோர இழுப்பு: மருந்தாலா, முன்பே இருந்ததா?

மதுரை அக்கா:
தம்பிக்கு 17 வயது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்பான். பிரமையாக இருக்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான். மனச்சிதைவு இன்னும் வரவில்லை, வரும் அபாயம் இருக்கிறது என்று மருத்துவர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை கொடுத்தார். அந்த வாரமே ஆரம்பித்தது: தட்டைக் கையில் ஏந்தியபடி கூடத்தில் நடந்துகொண்டே சாப்பிடுகிறான். வாயோரம் வேறு இழுக்கிறது. அம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். எனக்கோ அந்த இழுப்பை முன்பே பார்த்த நினைவு.

ஓய்வுபெற்ற செவிலி:
இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள், சகோதரி. உட்கார முடியாத தவிப்பு பெரும்பாலும் மருந்தின் வேலை, அகதீசியா என்பார்கள். நோய் முற்றிவிட்டதென்று பயந்து மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். குரலுக்குப் பயந்து நடக்கிறானா, உட்கார்ந்தாலே உடம்பு தவிக்கிறதா என்று அவனிடமே கேட்டு, நாளைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது புரோப்ரனலால் சேர்ப்பார். புரோப்ரனலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, இருந்தால் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இழுப்பு வேறு கதை. 1996இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், மருந்தே தொடாத மனச்சிதைவு நோயாளிகளில் 38 விழுக்காட்டினருக்கும், மருந்து எடுத்தவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் இத்தகைய அசைவுகள் இருந்தன. அவர்கள் முதியவர்கள், உங்கள் தம்பிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது என்பது தெரிகிறது. அமெரிக்காவில் உளவியலாளர் எலைன் வாக்கர், பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்களின் குழந்தைப் பருவ வீட்டுப் படங்களைப் போட்டுப் பார்த்தே அசைவுக் கோளாறுகளைக் கண்டறிந்தார். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ எதிலாவது தம்பி தென்படுகிறானா? மாத்திரைக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

ஒரு தந்தை:
அபாய நிலையில் மட்டும் இருப்பவர்களுக்கு, நோயைத் தடுக்கவென்று இந்த வகை மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2014 வழிகாட்டுதல். பேச்சு சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறது. என் மகளுக்கும் அதுதான் நடக்கிறது. எதற்காக மருந்து என்று மருத்துவரிடம் கேளுங்கள், சண்டைக்குப் போகிறவர்போல் அல்ல.

மதுரை அக்கா:
சித்தி மகளின் காதுகுத்து வீடியோ கிடைத்தது. பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருக்கிறான், அதே இழுப்பு. பரிமாறி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்தும் இருக்கிறான். நாளை மருத்துவரிடம் காட்டப்போகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி:
நல்லது. ஒன்று விட்டுப்போயிற்று: கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டாலோ, கண் மேலே செருகி நின்றாலோ, நாக்கு இழுத்துக்கொண்டாலோ முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. ஊசி போட்டால் சீக்கிரமே விடும்.