வேலிப் பொட்டும் பக்கத்து வீட்டு நாயும்: குட்டி செத்ததுக்கு ஆர் பொறுப்பு?

இணுவில் கதியால்:
நேற்று சுன்னாகச் சோதி இஞ்சை எழுதினதை வாசிச்சுப்போட்டு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. "நாய்க்கு எல்லை தெரியாது, ஆடு வளர்க்கிறவன்தான் வேலியை ஒழுங்காய் அடைச்சு வைச்சிருக்கோணும்" எண்டு எழுதியிருக்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்லுறன், பிறகு அவர் உதைத் திருப்பிச் சொல்லட்டும்.

போன செவ்வாய்க்கிழமை விடியப்புறம் பக்கத்து வளவு நாயள் இரண்டு வேலிக்குக் கீழாலை வந்து எங்கடை மறி ஆட்டுக்குட்டியைக் குதறிப்போட்டுதுகள். குட்டி ஈண்டு மூண்டாம் நாள் தாய் ஆடு செத்தது. பிறகு என்ரை மகள்தான் சூப்பிப் போத்திலிலை பால் பருக்கி, முள்முருக்கங் குழை முறிச்சுக் குடுத்து நாலு மாதம் வளர்த்தவள். பள்ளிக்கூடத்தாலை வரேக்கை படலையடிக்கு ஓடிவரும். இறைச்சிக்கு வளர்த்த ஆடில்லை அது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாத்திட்டு, "எங்கடை நாயள் உப்பிடிச் செய்யாதுகள், கட்டாக்காலியளாய் இருக்கும்" எண்டார். கழுத்திலை பட்டி போட்ட கட்டாக்காலியும் உலகத்திலை இருக்கோ?

சுன்னாகச் சோதி:
அண்ணை, பிள்ளையின்ரை கவலை விளங்குது. ஆனால் "வேலிக்குக் கீழாலை" எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அப்ப வேலியிலை பொட்டு, அதுதான் ஓட்டை, இருந்திருக்கு. அந்த வேலி ஆற்றை?

இணுவில் கதியால்:
வேலி என்ரை. ஒவ்வொரு வருஷமும் மாரிக்கு முதல் நான்தான் அடைக்கிறனான். பொட்டு இருக்கேல்லை. அண்டைக்கு ராத்திரித்தான் நாய் விறாண்டினது. செம்மண் புதுசாய்க் கிளறுப்பட்டு அவையின்ரை பக்கம் குவிஞ்சு கிடந்தது. நாய் விறாண்டேக்கை மண்ணைப் பின்னுக்குத்தானே எத்தும்? அப்ப எந்தப் பக்கத்திலை நிண்டு விறாண்டினது?

சுன்னாகச் சோதி:
அடிக்கிடுகு உக்கின இடத்திலைதான் நாய் விறாண்டும். இறுக்கி அடைச்ச வேலியை நாய் திரும்பியும் பாராது. நாங்கள் மூண்டு தலைமுறையாய் வேலி அடைச்ச ஆக்கள், எங்களுக்குப் பொட்டைப் பற்றிப் படிப்பிக்க வேண்டாம்.

ஸ்காபரோ தம்பி:
இஞ்சை கனடாவிலை, ஒன்ராறியோவிலை இதுக்கெண்டே ஒரு சட்டம் இருக்கு. நாய் ஆளைக் கடிச்சாலும் இன்னொருதற்றை வளர்ப்பு மிருகத்தைக் கடிச்சாலும் சொந்தக்காரன் நட்டம் கட்டோணும். "இது முந்தி ஒருக்காலும் கடிச்சதில்லை" எண்டு சொல்லித் தப்பேலாது. ஊரிலை இன்னும் பொட்டைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறியள்.

சுன்னாகச் சோதி:
அந்தச் சட்டத்திலேயே நட்டப்பட்டவன்ரை பக்கமும் பிழை இருந்தால் தொகையைக் குறைக்கோணும் எண்டு இருக்கு. அதை ஏன் விழுங்கினீர்? என்ரை மருமகனும் அங்கைதான் இருக்கிறார். ஊருக்கு வராமலே இருபது வருஷம் இருந்துகொண்டு எங்களுக்கு வேலிச் சட்டம் சொல்ல வேண்டாம்.

ஸ்காபரோ தம்பி:
"நீர்" எண்டு கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ. நான் போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் நிண்டனான்.

தெல்லிப்பழை டீச்சர்:
எங்கடை நாட்டிலை சட்டம் இல்லாதமாதிரிக் கதைக்காதேங்கோ. நாய்களைப் பதியிற கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலை வந்தது. உள்ளூராட்சிச் சபையிலை வருஷா வருஷம் பதியோணும். இஞ்சை பொதுச் சட்டமாய் இருக்கிற உரோமன் டச்சுச் சட்டத்திலை, வளர்ப்பு மிருகம் செய்த சேதத்துக்குச் சொந்தக்காரன் கவலையீனமாய் இருந்தானோ எண்டு பாராமலே அவனைப் பொறுப்பாக்கிற கொள்கையும் இருக்கு.

அதைவிட அவசரமான ஒண்டைக் கேக்கிறன். பிள்ளை அந்தக் குட்டியைத் தூக்கினவவோ? கையிலை கீறல் காயம் ஏதும் இருந்ததோ? நாயளுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கோ? அதுகளைப் பத்து நாளாவது கட்டி வைச்சுப் பாக்கோணும். ஒரு கீறல் இருந்தாலும் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

இணுவில் கதியால்:
தூக்கினவள்தான் டீச்சர். சட்டையெல்லாம் ரத்தம். கையிலை காயமில்லை, வடிவாய்ப் பாத்தனான். எண்டாலும் நாளைக்கு விடியக் கூட்டிக்கொண்டு போறன். நாயளுக்கு ஊசி போட்ட துண்டைக் காட்டுங்கோ எண்டு கேட்டதுக்கு, "என்ரை நாயைச் சந்தேகப்படுறீரோ" எண்டு அந்த மனிசன் கதவைச் சாத்திப்போட்டார். எனக்குப் பத்தி எரியிறது அதிலைதான். ஆட்டின்ரை காசு எனக்கு வேண்டாம். வாசலுக்கு வந்து பிள்ளையிட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வாலாட்டி:
நாயைக் குறை சொல்லாதேங்கோ. நாள் முழுக்கச் சங்கிலியிலை கட்டி, மிஞ்சின சோத்தைக் கொட்டிப்போட்டு, ராவிலை காவலுக்கு அவிட்டு விடுறவையைச் சொல்லுங்கோ. பொட்டைக்குட்டி எண்டால் உரப்பையிலை கட்டிச் சந்தையடியிலை விட்டிட்டு வாறதும் அவைதான். பிறகு கட்டாக்காலி கூடிப்போச்சு எண்டு கத்துவினம்.

சுன்னாகச் சோதி:
சந்தையடிக் கதை இப்ப எதுக்கு? ராவிலை நாயை அவிட்டு விடாத வீடு யாழ்ப்பாணத்திலை எது? கள்ளர் வந்தால் டீச்சரின்ரை 1901 சட்டமே குரைக்கும்? எங்களுக்கெண்டு 1706ஆம் ஆண்டிலை தொகுத்த தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம் இருக்கு. அதின்படி வேலிக்காரன்தான் வேலிக்குப் பொறுப்பு.

தெல்லிப்பழை டீச்சர்:
தேசவழமையிலை எந்தப் பிரிவு எண்டு எழுதுங்கோ. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு சொத்து வழக்குப் பேசக் கேட்டிருக்கிறன். நாய்க்காக ஒருத்தர் தேசவழமையைத் தூக்கினதை இப்பதான் காணுறன்.

சுன்னாகச் சோதி:
பிரிவைப் பிறகு பாப்பம் டீச்சர். பொட்டு இருந்ததோ இல்லையோ, அதைக் கேளுங்கோ. அதோடை இவற்றை தாய் ஆடு போன வருஷம் அதே வேலிக்குள்ளாலை போய் அங்கை பதினொரு வாழைக்கண்டு கடிச்சது. அப்ப ஆர் நட்டம் கட்டினது?

இணுவில் கதியால்:
பதினொண்டு எண்டு எண்ணி வைச்சிருக்கிறியளோ? நான் பக்கத்து வீட்டுக்காரற்றை பேரும் எழுதேல்லை, வாழையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை. அந்த மனிசன் உங்களுக்கு என்ன முறை?

சுன்னாகச் சோதி:
மச்சான் முறை. சொந்தம் வேறை, நியாயம் வேறை. பொட்டு இருந்தது.

இணுவில் கதியால்:
அப்ப நேற்று நீங்கள் எழுதினது பொதுக்கதை இல்லை, மச்சானுக்கு வக்காலத்து. வாழைக்கண்டுக்கு அடுத்த கிழமையே நான் திருநெல்வேலியாலை புதுக்கண்டு கொண்டுவந்து என்ரை கையாலை நட்டுக் குடுத்தனான், கேட்டுப்பாருங்கோ. ஆடு என்ரை, அதாலை பொறுப்பும் என்ரை எண்டு குடுத்தனான். நாய் அவற்றை. அவர் என்ன செய்தவர்?

பொட்டு இருக்கேல்லை. கிளறின மண்ணை இன்னும் அள்ளேல்லை. படம் எடுத்து வைச்சிருக்கிறன், பிணக்கைப் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்கு அதோடைதான் போவன்.

சுன்னாகச் சோதி:
எந்தப் பக்கம் நிண்டு எடுத்த படம்?

இணுவில் கதியால்:
உங்கடை மச்சான்ரை வளவுக்குள்ளை நிண்டு. மண் அங்கைதானே குவிஞ்சு கிடந்தது. அப்பவும் நாயள் இரண்டும் அவிண்டுதான் நிண்டதுகள்.

சுன்னாகச் சோதி:
கேளாமல் மற்றவன்ரை வளவுக்குள்ளை போயிருக்கிறியள். அதையும் இணக்கசபையிலை சொல்லுங்கோ. எதுக்குள்ளாலை போனியள், பொட்டுக்குள்ளாலையோ?